நேர் நிற்காத டேபிள் சா

பழைய டேபிள் சா வாங்கியவர்களின் புலம்பல் ஆளுக்கு ஆள் அதிகம் மாறுவதில்லை. "நேற்றுதான் நேராக்கினேன், இன்று பார்த்தால் ஓடிக் கிடக்கிறது." "90 பாகையில் நன்றாக அறுக்கிறது, பிளேடைச் சாய்த்தால் மரம் கருகுகிறது." "ஃபென்ஸைப் பூட்டும்போதெல்லாம் முன்னும் பின்னும் டேப் வைத்து அளக்க வேண்டியிருக்கிறது." இவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரையில் பெரும்பகுதி எப்படி நேராக்குவது என்பதைப் பற்றியது. அது அரைநாள் வேலை. கையேட்டைப் பார்த்து யாரும் செய்துவிடலாம். நேராக்கியது ஏன் தங்கவில்லை என்ற கேள்விக்குத்தான் பதில் ஆங்காங்கே சிதறிக் கிடக்கிறது. பழைய ரம்பத்தோடு மல்லுக்கட்டும் பலருக்கு அளக்க நன்றாகவே தெரியும். இயந்திரத்தில் எங்கெங்கே ஆட்டம் இருக்கிறது என்று தேடிப் பார்ப்பதற்கு முன்பே அளக்கத் தொடங்கிவிடுகிறார்கள், அவ்வளவுதான். ஆடுகிற பொருளை எத்தனை நுட்பமாக அளந்தாலும் அந்த அளவு அந்த நொடிக்கு மட்டுமே செல்லும்.

இங்கே எடுத்துக்கொள்வது அமெரிக்காவில் 'கான்ட்ராக்டர் சா' என்று பெயர்பெற்ற வகை. 10 அங்குல பிளேடு, வார்ப்பிரும்பு மேசை, தகட்டுக் கால்கள், பின்புறம் தொங்கும் மோட்டார். சியர்ஸ் நிறுவனம் 'கிராஃப்ட்ஸ்மேன்' என்ற பெயரில் விற்றவை இவற்றில் ஏராளம். அவற்றுள் மிகப் பல எமர்சன் எலெக்ட்ரிக் தயாரித்துக் கொடுத்தவை. மாடல் எண் 113 என்று தொடங்குவதை வைத்து இன்றும் அடையாளம் கண்டுகொள்ளலாம். அப்பா விட்டுப்போனது, வீடு மாறும்போது கழித்துக்கட்டுவது என்று கராஜ் விட்டுக் கராஜ் இவை கைமாறிக்கொண்டே இருக்கின்றன.

விலையிலும் எடையிலும் இதற்கு மேலே இருப்பது கேபினெட் சா. டெல்டா நிறுவனம் 1939-இல் கொண்டுவந்த யூனிசா அந்த வகைக்கு முன்னோடி. அதில் பிளேடைத் தாங்கும் கனத்த வார்ப்புகள் கீழே உள்ள பெட்டியோடு பிணைக்கப்பட்டிருக்கும். நேராக்க வேண்டுமென்றால் மேசையைப் பெட்டியோடு இணைக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி மேசையை நகர்த்தினால் போதும். கான்ட்ராக்டர் சாவில் கதை வேறு. ட்ரனியன் எனப்படும் அந்த வார்ப்புகள் மேசையின் அடிப்பரப்பிலேயே தொங்குகின்றன. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டையும் இணைக்க இரண்டு உருளைக் கம்பிகள். பிளேடு, ஷாப்ட், பெல்ட், பின்னால் துருத்தி நிற்கும் மோட்டாரின் பாரம் எல்லாம் இந்தச் சட்டகத்தின் தலையில். இதை நேராக்க அடியில் படுத்து, கண்ணில் மரத்தூள் விழ, கை நுழையாத இடத்தில் ஸ்பேனர் போட வேண்டும். பழைய சா தரும் எரிச்சலில் பாதி இந்த ஒரு அமைப்பிலிருந்து வருகிறது.

நேர் என்றால் எதற்கு நேர்? மேசையில் பிளேடுக்குப் பக்கத்தில் ஓடும் மைட்டர் காடிதான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். காடி மேசையோடு சேர்த்தே கடையப்பட்டது; அதை நகர்த்த முடியாது. ஆகவே பிளேடு காடிக்கு இணையாக வர வேண்டும். பிறகு பலகைக்கு வழிகாட்டும் சட்டமான ஃபென்ஸ் அதே காடிக்கு இணையாக வர வேண்டும். அதன்பின் பிளேடு மேசைக்குச் செங்குத்தா, குறுக்கு அறுப்புக்காகக் காடியில் ஓடும் மைட்டர் கேஜ் மூலைமட்டத்துக்கு ஒத்துவருகிறதா என்று பார்க்க வேண்டும். பிளேடைப் பார்த்து ஃபென்ஸைச் சரிசெய்துவிட்டு அப்புறம் பிளேடை அசைப்பவர் இரண்டு வேலையையும் மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

இதில் அலட்சியம் கூடாது என்பதற்கு வெட்டின் அழகைவிடப் பெரிய காரணம் உண்டு. 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4,000 சுற்று சுழன்றால் பல்லின் முனை மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. முன்பக்கப் பற்கள் கீழ்நோக்கி இறங்கி மரத்தை மேசையோடு அழுத்துகின்றன. பின்பக்கப் பற்கள் மேல்நோக்கி எழுகின்றன. ஃபென்ஸின் பின்முனை பிளேடை நெருங்கி நின்றால், பலகை அந்தக் குறுகும் சந்துக்குள் தள்ளப்பட்டு, எழும் பற்களில் மாட்டி, அறுப்பவரை நோக்கியே வீசப்படும். கிக்பேக் என்று அஞ்சப்படுவது இதுதான். பலகை போன வேகத்தில் கையும் பிளேடை நோக்கி இழுபடலாம். டேபிள் சா பிளேடு பட்டுச் சிகிச்சைக்கு வருவோர் ஆண்டுக்கு 30,000 அளவில் இருப்பதாக அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் மதிப்பிட்டிருக்கிறது. கைமாறி வரும் பழைய சாக்களில், அறுபட்ட வாய் மூடிக்கொள்ளாமல் பிளேடுக்குப் பின்னால் நின்று காக்கும் தகடும் மேல்மூடியும் பெரும்பாலும் கழற்றி எறியப்பட்டிருக்கும். அப்படிப்பட்ட இயந்திரத்தில் இணை தவறினால் இடையில் நின்று தடுக்க எதுவுமே இல்லை. அந்தத் தகட்டைத் தேடிப்பிடித்துப் பொருத்துவதை, அல்லது மேசையின் நடுத்தகட்டில் பிளேடுக்கு நேர் பின்னால் ஒரு மரச்செதிலையாவது நிறுத்துவதை, நேராக்கும் வேலையின் ஒரு பகுதியாகவே நான் எண்ணுகிறேன்.

நுண்ணளவு காட்டும் டயல் கேஜை எடுப்பதற்கு முன் வெறும் கையால் செய்ய வேண்டிய சோதனைகள் இருக்கின்றன. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பிளேடின் உச்சியைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். 'டக்' என்று தட்டினால் பேரிங் தேய்ந்திருக்கிறது, அல்லது ஷாப்ட்டைத் தாங்கும் கை தன் முளையில் தளர்ந்திருக்கிறது. உயரச் சக்கரத்தை முன்னும் பின்னும் திருப்புங்கள். பிளேடு அசையாமல் சக்கரம் மட்டும் நிறையச் சுற்றினால் பல்சக்கரங்களுக்கு இடையே ஆட்டம் இருக்கிறது. மேசையைப் பிடித்து உலுக்கினால் கால்கள் நெளிகின்றனவா என்று பாருங்கள். அமெரிக்கக் கராஜ்களின் தரை தண்ணீர் வழிய வாசலை நோக்கிச் சரித்துப் போடப்படுவது. அடிக்கு ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) அளவு சரிவு சாதாரணம். அந்தத் தரையில் நான்கு கால்களும் ஒருசேரப் பதிவது அபூர்வம், ஒரு காலுக்கு அடியில் பேக்கிங் கொடுத்தே ஆக வேண்டும். வருடக்கணக்கில் ஓடாமல் கிடந்த வி-பெல்ட் புல்லியின் வளைவிலேயே இறுகிப்போயிருக்கும். ஓட்டும்போது சுற்றுக்கு ஒரு உதறல் உதறும். போல்ட்டுகளை நாளடைவில் தளர்த்துவது அந்த உதறல்தான். பெல்ட்டை மாற்றுவது எல்லா வைத்தியத்திலும் மலிவானது. துண்டுதுண்டாகக் கோத்த லிங்க் பெல்ட் போட்டால் அதிர்வு குறைவது கையிலேயே தெரியும். இவற்றையெல்லாம் விட்டுவிட்டு டயல் வைப்பது, அஸ்திவாரம் உட்காருகிறதா என்று பார்க்காமல் சுவருக்கு ரசமட்டம் பிடிப்பது போல.

இனி அளவு. பிளேடை முழு உயரத்துக்கு ஏற்ற வேண்டும். எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றியே நிறுத்த வேண்டும், அப்போதுதான் பல்சக்கர ஆட்டம் ஒரே பக்கம் ஒதுங்கும். ஒரு பல்லில் மார்க்கரால் புள்ளி வையுங்கள். காடியில் இறுக்கமாக ஓடும் ஒரு மரச்சட்டத்தில் டயல் கேஜைப் பூட்டி, புள்ளி வைத்த பல் முன்பக்கம் மேசைக்குச் சற்று மேலே நிற்கும்போது, அந்தப் பல்லை ஒட்டிய தகட்டில் முனையை வைத்து டயலைப் பூஜ்ஜியமாக்குங்கள். பிறகு பிளேடைக் கையால் சுழற்றி அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய், கேஜையும் காடியில் பின்னுக்குத் தள்ளி, அதே இடத்தை மறுபடி தொடுங்கள். ஒரே இடத்தை இரண்டு முறை தொடுவதில்தான் சூட்சுமம். பிளேடு சற்று வளைந்திருந்தாலும், ஷாப்ட்டின் விளிம்பு சற்றுக் கோணியிருந்தாலும், அந்தப் பிழை இரண்டு அளவிலும் ஒரே மாதிரி ஏறிக் கழிந்துபோகும். மிஞ்சுவது பிளேடுக்கும் காடிக்கும் உள்ள உண்மையான கோணல். மரச்சட்டத்தைக் காடியின் ஒரே சுவரோடு அழுத்தி ஓட்ட வேண்டும், இல்லையென்றால் காடியின் தளர்வை அளந்துவிட்டுப் பிளேடைக் குறைசொல்வோம். டயல் இல்லாதவர்கள் சட்டத்தின் முனையில் ஒரு ஸ்குரூவை முறுக்கி, அதன் தலையைப் பல் உரசும் சத்தம் முன்னாலும் பின்னாலும் ஒத்திருக்கிறதா என்று கேட்டே நன்றாக நேராக்குகிறார்கள்.

பலரும் பொறுமை இழப்பது போல்ட்டை இறுக்கும் கட்டத்தில். பின் ட்ரனியனின் போல்ட்டுகளைத் தளர்த்தி, ஒரு கட்டையை வைத்து மெல்லத் தட்டி, டயலில் பூஜ்ஜியம் வந்ததும் இறுக்குகிறோம். இறுக்கி முடித்துப் பார்த்தால் முள் 6 தவ், 8 தவ் என்று தள்ளிப் போயிருக்கிறது. அங்குலத்தை ஆயிரமாகப் பகுத்ததில் ஒரு பங்கு தவ், மில்லிமீட்டரில் 0.0254. மறுபடி தளர்த்தித் தட்டி இறுக்கினால் மறுபடி அதே ஓட்டம், அதே திசையில். இது கைத்திறன் குறைவு இல்லை. பல வருடங்கள் ஒரே இடத்தில் இறுகிக் கிடந்த வாஷர் வார்ப்பிரும்பில் தனக்கென்று ஒரு சிறு பள்ளம் செய்துகொண்டிருக்கிறது. புது இடத்தில் வைத்து இறுக்கும்போது அது பழைய பள்ளத்துக்குள் வழுக்கி இறங்குகிறது, இறங்கும்போது ட்ரனியனையும் இழுத்துக்கொண்டு போகிறது. அதோடு, போல்ட் சுழலும்போது அதன் தலை உராய்ந்து வார்ப்பையும் சேர்த்துத் திருகப் பார்க்கிறது.

காரணம் தெரிந்துவிட்டால் பரிகாரம் எளிது. போல்ட்டை முழுதாகக் கழற்றி, பள்ளத்தின் மேடான விளிம்பை அரத்தால் தேய்த்துவிட்டு, பள்ளத்தைத் தாண்டி உட்காரும் அளவுக்கு அகலமும் தடிமனும் உள்ள புது வாஷர் போட வேண்டும். போல்ட் தலைக்கும் வாஷருக்கும் இடையில் துளி கிரீஸ் தடவினால் உராய்வு வார்ப்புக்குப் போகாது. ஒரு போல்ட்டை ஒரேயடியாக இறுக்காமல் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிக் கால் சுற்றாக இறுக்க வேண்டும், டயல் முள்ளின் மேல் ஒரு கண் இருந்துகொண்டே இருக்க வேண்டும். தட்டுவதையே ஒழித்துக்கட்டும் பொருளும் சந்தையில் உண்டு: 'பால்ஸ்' என்ற பெயரில் வந்த சிறு பிடிகளைப் பின் ட்ரனியனில் பூட்டினால், ஸ்குரூவைத் திருகியே அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளலாம், தள்ளிய இடத்திலேயே அது பிடித்தும் நிறுத்தும். ஓடும் அளவைக் கணித்து, எதிர்ப்பக்கம் அதே அளவு முன்கூட்டியே தள்ளிவைத்து இறுக்குவோரும் இருக்கிறார்கள். அது அன்றைக்குப் பலிக்கும். பள்ளத்தின் சரிவில் நிற்கும் வாஷர் அதிர்வில் மெல்ல மெல்ல இறங்கும் என்பதால் அந்த வழியை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

90 பாகையில் நேராக இருக்கும் பிளேடு 45-க்குச் சாய்த்ததும் ஏன் கோணுகிறது? பிளேடு சாய்வது ஒரு கண்ணுக்குத் தெரியாத அச்சைச் சுற்றி. அந்த அச்சு மேசைப் பரப்புக்கு இணையாக இல்லாமல் முன்பக்கமோ பின்பக்கமோ இறங்கியிருந்தால், சாயச் சாயப் பிளேடு காடியை விட்டு விலகும். இதைப் பக்கவாட்டில் தட்டிச் சரிசெய்யவே முடியாது. ட்ரனியனுக்கும் மேசைக்கும் இடையில் முன்னாலோ பின்னாலோ மெல்லிய தகடு பேக்கிங் கொடுத்து அச்சைத் தூக்க வேண்டும். குளிர்பான டின்னைக் கத்தரித்து எடுத்த தகடு இதற்கு வசதியானது, கிட்டத்தட்ட 4 தவ் தடிமன் வரும். ட்ரனியன்களை இணைக்கும் கம்பிகள் முறுகியிருந்தாலும் இதே நோய் வரும். அப்போது கம்பிகளின் முனைகளைத் தளர்த்திச் சட்டகம் தானாக உட்கார விட்டு மறுபடி இறுக்க வேண்டியிருக்கும். பேக்கிங் கொடுத்த பிறகு 90 பாகையில் பார்த்த அளவை மறுபடி பார்க்க வேண்டும். சாய்த்து அறுக்கும் தேவை வருடத்தில் எப்போதாவதுதான் என்றால் இந்த வேலையைத் தள்ளிப்போடுவதில் குற்றமில்லை. அந்த நாட்களில் ஃபென்ஸைச் சற்று விலக்கி, மைட்டர் கேஜோடு குறுக்காக மட்டும் அறுத்துச் சமாளிக்கலாம்.

செங்குத்து மாறிப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் மரத்தூள். பிளேடை 90-க்குத் திருப்பும்போது ஒரு நிறுத்து-போல்ட்டில் போய் முட்டி நிற்க வேண்டும். அந்த முட்டும் இடத்தில் பிசின் கலந்த தூள் அழுந்தி அழுந்திக் கல்லாகிவிடுகிறது. போல்ட்டைத் தொடாமலே நிறுத்தம் அரைப் பாகை முன்னால் வந்துவிடும். நிறுத்து-போல்ட்டைத் திருகி ஈடுகட்டினால் அடுத்த முறை தூள் உதிர்ந்ததும் மறுபக்கம் மாறும். பித்தளைப் பிரஷால் சுரண்டி, மினரல் ஸ்பிரிட்டால் துடைத்து, பல்சக்கரங்களுக்கு மெழுகோ கிராஃபைட்டோ மட்டும் போட வேண்டும். எண்ணெயும் கிரீஸும் அங்கே போனால் தூளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பழைய சாவைக் கழுவித் துடைத்ததுமே பாதி நோய் தீர்ந்துபோவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பிளேடையும் ஷாப்ட்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஷாப்ட்டின் விளிம்பில் 1 தவ் கோணல் இருந்தால் அது பிளேடின் ஓரத்தில் நான்கு மடங்காகத் தெரியும். விளிம்பில் ஒட்டிய துருவோ ஒரு துளி பிசினோ இதற்குப் போதும். மலிவான பிளேடு வளைந்திருக்கும், பிசின் ஏறிய பிளேடு நேரான சாவிலும் மரத்தைக் கருக்கும். நல்ல பிளேடு ஒன்றைப் போட்டுப் பார்க்காமல் ட்ரனியனைத் தொடக் கூடாது.

ஃபென்ஸில் பழைய இயந்திரங்களின் பலவீனம் வெளிப்படையானது. பழைய ஃபென்ஸ்கள் பலவும் முன்னாலும் பின்னாலும் கவ்விப் பூட்டுபவை. தள்ளும்போது பின்கொக்கி தேங்கி நின்றுவிட, முன்தலை மட்டும் நகர்ந்து, கோணலாகவே பூட்டிக்கொள்ளும். 1970-களின் பிற்பகுதியில் அரிசோனாவில் பில் பீஸ்மேயர் உருவாக்கிய டி-ஸ்கொயர் ஃபென்ஸ் இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்த்தது. முன்னால் ஒரு கனத்த சதுரக் குழாய், அதில் அகலமான தலை, பூட்டு முன்பக்கத்தில் மட்டும். தலை குழாயில் அழுந்தும்போது ஃபென்ஸ் தானே இணையாகிவிடும். பழைய கான்ட்ராக்டர் சாவுக்குச் செலவழிக்க ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் சொல்வேன், இயந்திரம் வாங்கிய விலையை அது மிஞ்சினாலும்கூட. வேலைத்தளங்களுக்குத் தூக்கிப் போகும் சிறிய சாக்களில், பற்சட்டத்தில் ஓடி முன்னும் பின்னும் ஒருசேர நகரும் ஃபென்ஸ் இருந்தால் அதுவும் நம்பகமானது. அவற்றின் லேசான மேசையையும் ஆட்டத்தையும் சரிசெய்ய அதிகம் வழியில்லை.

எவ்வளவு நேர் போதும் என்பதில் கருத்து ஒன்றாக இல்லை. நம்மூர் ஆசாரிகள் அங்குலத்தை 8 நூலாக்கி, அரை நூல், கால் நூல் என்று பேசுவார்கள். கால் நூல் என்பதே 31 தவ். அகலமான பலகை ஒரு பருவத்தில் அதைவிடக் கூடுதலாக விரிந்து சுருங்கும்போது 3 தவ்வுக்கு அலைவது வீண் என்று ஒரு தரப்பு சொல்கிறது. நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் அந்தக் கணக்கு மரத்தின் அளவுக்குப் பொருந்தும், மரம் போகும் பாதைக்குப் பொருந்தாது. சாதாரண 10 அங்குல பிளேடின் அறுவாய் ஏறத்தாழ ஒரு நூல். பற்கள் தகட்டைத் தாண்டி இருபுறமும் துருத்துவது சுமார் 20 தவ் மட்டும். பிளேடு 10 தவ் கோணினால் பின்பக்கப் பற்கள் ஏற்கெனவே அறுத்த முகத்தை மறுபடி சுரண்டும். கருகலும் வளைந்த கீறல்களும் அங்கிருந்து வருபவை. காடிக்கும் பிளேடுக்கும் 3 முதல் 5 தவ்வுக்குள் வந்தால் போதும் என்பது என் கருத்து. அதற்குக் கீழே போவதற்குச் செலவிடும் நேரத்தை ஆட்டத்தைத் தேடுவதற்குக் கொடுக்கலாம்.

ஃபென்ஸின் பின்முனையை 2 தவ் அளவு வேண்டுமென்றே விலக்கி வைப்பதா, சரியான இணையாக வைப்பதா என்பது இன்னொரு நெடுநாள் வழக்கு. விலக்கி வைத்தால் மரம் சிக்காது என்பது உண்மை. அதே ஃபென்ஸைப் பிளேடின் இடப்பக்கம் மாற்றிப் போட்டால் அந்த விலகல் நெருக்கமாக மாறி ஆபத்தாகிவிடும் என்பதும் உண்மை. வலப்பக்கம் மட்டுமே அறுப்பவருக்கு விலகல் நல்லது, மற்றவர்களுக்கு நேர் இணை. எந்த நிலையிலும் பின்முனை பிளேடை நெருங்கக் கூடாது என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

குறுக்கு அறுப்பில் பிழை பெருகும் வேகம் தனி. மைட்டர் கேஜ் பாகையில் பத்தில் ஒரு பங்கு தவறினால் 600 மில்லிமீட்டர் பலகையில் 1 மில்லிமீட்டர் ஓடிவிடும். படச்சட்டத்துக்கு வெட்டும் எட்டு முனைகளிலும் அரைப் பாகை தவறினால் கடைசி மூலையில் 4 பாகைப் பிளவு நிற்கும். இதற்கு மூலைமட்டத்தை நம்ப வேண்டியதில்லை. ஒரு பிளைவுட் துண்டின் நான்கு பக்கங்களையும் வரிசையாகத் திருப்பித் திருப்பி அறுத்து, ஐந்தாவதாக முதல் பக்கத்தில் ஒரு பட்டையை அறுத்தெடுத்து, அதன் இரு முனைகளின் அகல வேறுபாட்டை நான்கால் வகுத்தால், ஒரு வெட்டில் அந்தப் பட்டையின் நீளத்துக்கு எவ்வளவு ஓடுகிறது என்று தெரிந்துவிடும். சோதனைக்குப் பிளைவுட் அல்லது எம்டிஎஃப் மட்டுமே ஆகும். உள்ளிறுக்கம் உள்ள மரம் அறுத்ததுமே வாய் திறக்கும், அல்லது மூடும். அந்தக் குற்றம் சாவின் மேல் விழும்.

வாங்கும்போதே பார்த்துவிட்டால் மேற்சொன்னதில் பாதியைத் தவிர்க்கலாம். மேசைத் துரு பயப்பட வேண்டியது இல்லை, தேய்த்து மெழுகு போட்டால் போய்விடும். பேரிங்கும் பெல்ட்டும் மாற்றக்கூடியவை. மேசை நடுவில் குழிந்திருக்கிறதா என்று நேர்ச்சட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். 10 தவ் வரை பொறுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் என்றால் ஒட்டுப்பலகை வேலைக்கு ஆகாது. டார்ச் அடித்து அடியில் பார்க்கும்போது ட்ரனியன் வார்ப்பில் விரிசலோ வெல்டிங் தழும்போ தெரிந்தால், விலை எவ்வளவு இறங்கினாலும் திரும்பி வந்துவிட வேண்டும். அந்த விரிசல் பெரும்பாலும் அறுக்கும்போது வந்ததாக இருக்காது. பின்புறம் தொங்கும் மோட்டாரைக் கழற்றாமல் வண்டியில் ஏற்றிக் குண்டுகுழியில் ஓட்டிக்கொண்டு போனதில் வந்திருக்கும். வாங்கிய சாவை வீட்டுக்குக் கொண்டுபோகும்போது மோட்டாரையும் பெல்ட்டையும் தனியே கழற்றி ஏற்றுங்கள். இறக்கி, காலுக்கு அடியில் பேக்கிங் கொடுத்து, நேராக்கி, ஒரு வாரம் வேலை செய்த பிறகு ட்ரனியன் போல்ட்டுகளை மீண்டும் ஒரு முறை இறுக்கி டயல் வைத்துப் பாருங்கள். அதிலும் முள் அதே இடத்தில் நின்றால் அதன்பின் மாதக்கணக்கில் அந்தப் பக்கம் போக வேண்டியிருக்காது.